பொலிரோவுக்குப் பொறத்தால டிரெய்லரா, குட்டி யானை வாடகையா, இல்ல பழைய பிக்கப்பா?

பொலிரோ, ஸ்கார்பியோ வச்சிருக்கவங்க நம்ம திருநெல்வேலி பக்கத்துல இப்ப அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணாச்சி, வண்டில இம்புட்டு இழுவை இருக்கே, பொறத்தால ஒரு கொக்கியப் போட்டு சின்னதா ஒரு டிரெய்லர் மாட்டிக்கிடலாமா?" களக்காட்டுல வாழைத்தார் ஏத்துறவரு கேக்காரு, மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு கொண்டு போறவரு கேக்காரு, சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்க தம்பி கேக்கான், பங்குனி உத்திரத்துக்கு அண்டா குண்டானோட சாஸ்தா கோயிலுக்குப் போற குடும்பமும் கேக்காவ. யாராவது யூடியூப்ல வெளிநாட்டுக்காரன் காருக்குப் பின்னால ஒரு வீட்டையே இழுத்துட்டுப் போறதப் பாத்திருப்பாவ, அதான் ஆசை வந்துருக்கும். தப்பு இல்ல. ஆனா இந்த நாலு பேருக்கும் ஒரே பதில சொன்னா அது கோட்டித்தனம், அதனால இருக்க வழி ஒவ்வொண்ணையும் தனித்தனியா நிறுத்திப் பாப்போம்.

எத வச்சு முடிவெடுக்கணும்

மொத கேள்வி, வண்டி இழுக்குமாங்கது கிடையாது. டீசல் பொலிரோ எதையும் இழுக்கும். இழுத்தது நிக்குமா, ஆடாம வருமாங்கதுதான் கேள்வி. அதுக்கப்புறம் சரக்கோட எடை என்ன, அது அசையுற சரக்கா (ஆடு, தண்ணி) அசையாத சரக்கா, மாசத்துக்கு எத்தன நடை, போற ரோடு ஊருக்குள்ளயா இல்ல நாலு வழிச் சாலையா, ஆர்டிஓ பேப்பரும் இன்சூரன்ஸும் சரியா நிக்குமா, வண்டிய ஓட்டுறது நீங்களா டிரைவரா, ராத்திரி எங்கன நிறுத்துவிய. இவ்வளவுதான். விலைய நான் கடைசிலதான் வைப்பேன், ஏன்னா எல்லாரும் அதத்தான் மொதல்ல பாக்காவ, பொறவு மறைஞ்சு கெடக்குற செலவு வந்து நிக்கையில முழிக்காவ.

எடைய கண்ணால பாத்து மதிப்பு போடாதிய. 1,000 லிட்டர் தண்ணி சரியா 1,000 கிலோ, டேங்க் தனி. ஏத்தன் வாழைத்தார் ஒண்ணு 12 கிலோன்னு வச்சா 25 தாருக்கே 300 கிலோ ஆயிடும். பக்கத்துல எங்கயாவது எடை மேடை இருக்கும்லா, ஒருக்கா லோடோட ஏத்திப் பாத்துருங்க.

வழி 1: சொந்த வண்டி, பொறத்தால டிரெய்லர்

இதுலதான் விசயம் நெறைய இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன்.

மொதல்ல எந்த வண்டி. பொலிரோ, ஸ்கார்பியோ எல்லாம் கீழ தனி சேஸ் (அடிச்சட்டம்) உள்ள வண்டி, கொக்கியோட பிராக்கெட்ட சேஸ்ல போல்ட் போட்டு மாட்ட இடம் இருக்கு. ஸ்விஃப்ட், எர்டிகா மாதிரி வண்டில தனி சேஸ் கிடையாது, பாடியேதான் சேஸ், அதுல கண்ட எடத்துல ஓட்டையப் போட்டு கொக்கி மாட்டுனா தகடு கிழியும். எந்த வண்டியா இருந்தாலும் ஓனர் மேனுவல எடுத்து, டிரெய்லர் இழுக்கலாமா, எத்தன கிலோன்னு போட்டுருக்கானான்னு பாருங்க. இழுக்காதன்னு போட்டுருந்தா அதோட விட்டுருங்க. பட்டறைல சேஸ்லயே வெல்டு அடிச்சுத் தாரேம்பாவ, வேண்டாம்னு சொல்லிருங்க, சூடு பட்ட எடத்துல இரும்போட பலம் கொறையும், நல்ல ஹைடென்சில் போல்ட்தான் சரி. பம்பர்ல மாட்டுறதெல்லாம் பேச்சே கிடையாது.

அடுத்து கொக்கி. டிராக்டருக்குப் போடுற மாதிரி ஓட்டையும் பின்னும் போட்டுத் தாரேம்பாவ, அதுல லூஸ் இருக்கும், பிரேக் அடிக்கும்போதெல்லாம் டிரெய்லர் வந்து முட்டும். காருக்கு உருண்டையும் அத மூடுற கப்பும் உள்ளதுதான் சரி. உருண்டை 50 மில்லின்னா கப்பும் 50 மில்லிக்கு உள்ளதா இருக்கணும். ஒண்ணே முக்காலே அரைக்கால் இஞ்சு உருண்டைன்னு ஒண்ணு இருக்கு, 47.6 மில்லி, பாத்தா வித்தியாசம் தெரியாது, 50 மில்லி கப்பு அதுல ஒக்காந்த மாதிரியே இருக்கும், நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர் ஒண்ணுல ஏறி இறங்கும்போது கழண்டுரும். அதுக்குத்தான் ரெண்டு சங்கிலி வேணும், இடது பக்கச் சங்கிலிய வலது கொக்கிலயும் வலதுல உள்ளத இடதுலயும் குறுக்க போடணும், அப்பதான் கப்பு கழண்டாலும் மூக்கு ரோட்டுல குத்தாம சங்கிலி மேலயே தொங்கிட்டு வரும்.

இப்ப ஆட்டம். டிரெய்லர் வால ஆட்டுறதுக்கு முக்காவாசி காரணம் சரக்க வச்ச விதம். மொத்த எடைல நூத்துக்கு பத்துல இருந்து பதினஞ்சு பங்கு வரை கொக்கி மேல அழுத்தணும். டிரெய்லரும் சரக்கும் சேத்து 500 கிலோன்னா 50ல இருந்து 75 கிலோ. அளக்கதுக்கு பெரிய மெஷின் வேண்டாம், வீட்ல நாம ஏறி எடை பாக்குற மெஷின் மேல ஒரு கட்டைய வச்சு, டிரெய்லரோட மூக்க வண்டில இருக்கும்போது இருக்க அதே உசரத்துல அதுல உக்கார வச்சுப் பாத்தா தெரிஞ்சுரும். கனமான சரக்க அச்சுக்குக் கொஞ்சம் முன்னுக்க வைக்கணும், லேசானத பின்னுக்க. நம்ம ஆளுங்க செய்யுறது தலகீழ், இறக்கதுக்கு சுளுவா இருக்கும்னு கனத்தையெல்லாம் கதவுப் பக்கம் வைப்பாவ, அப்ப கொக்கி மேல நோக்கித் தூக்கும், வண்டியோட பின் டயர் லேசாகும், 50 கிலோமீட்டர் வேகத்துல ஒண்ணும் தெரியாது, 70ல பைய ஆட ஆரம்பிக்கும், 80ல ஸ்டியரிங் நம்ம கைல இருக்காது. அதுக்காக ஒரேயடியா முன்னால குமிச்சாலும் வண்டி பின்னால ஒக்காந்து முன் டயர் லேசாகி ஹெட்லைட் எதிர்ல வாறவன் கண்ணுல அடிக்கும்.

ஆட ஆரம்பிச்சுட்டா என்ன செய்யணும்னா, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுக்கணும், ஸ்டியரிங்க நேரா பிடிச்சுக்கிடணும், அவ்வளவுதான். ஓங்கி பிரேக் அடிக்கக் கூடாது, எதிர்ப்பக்கம் ஒடிச்சு சரி பண்ணப் பாக்கக் கூடாது, வேகத்தக் கூட்டுனா நேராயிரும்னு சொல்லுறவன் பேச்சக் கேக்கக் கூடாது. வேகம் கொறைஞ்சா தானா அடங்கும். அடங்குன பொறவு ஓரங்கட்டி சரக்க மாத்தி அடுக்காம அதே மாதிரி திரும்பக் கெளம்புறது இன்னும் மோசம்.

இதுல நம்ம ஜில்லாவுக்குன்னு ஒரு விசயம், காத்து. என்ஹெச் 44ல வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு, அங்க இருந்து நாகர்கோவில் ரோட்டுல முப்பந்தல்னு போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காத்து, அங்கன இம்புட்டு காத்தாடி நட்டு வச்சிருக்கது அதுக்காகத்தான். ஆனில இருந்து ஆவணி வரைக்கும் மேக்க இருந்து சைடுல அடிக்கும். தார்ப்பாய் போட்டு உசரமா கட்டுன லேசான டிரெய்லர் அந்தக் காத்துல பாய் மரம் மாதிரி, அதுல ஒரு பஸ்ஸு வேற ஒரசிட்டு ஓவர்டேக் எடுத்தான்னா மொதல்ல வெளிய தள்ளும், பொறவு உள்ள இழுக்கும். அந்த மாசங்கள்ல நாகர்கோவில் பக்கம் போற ஆளா இருந்தா டிரெய்லர நான் சொல்லவே மாட்டேன்.

இனி பிரேக். இதுலதான் முடிவே இருக்கு. பிரிட்டன்ல சொந்த பிரேக் இல்லாத டிரெய்லர, சரக்கோட சேத்து 750 கிலோ, இல்லன்னா இழுக்குற வண்டியோட எடைல பாதி, இதுல எது கொறைவோ அதுக்கு மேல இழுக்கக் கூடாது. பொலிரோ 1,600 கிலோவ ஒட்டி வரும், பாதின்னா 800, அப்ப 750 வருது கணக்கு. ஆனா அங்க ரோட்டுல ஆடு குறுக்க வராது, சைக்கிள்காரர் திரும்பிப் பாக்காம கட் அடிக்க மாட்டாரு. 40ல போற வண்டிய நிறுத்துறதுக்கும் 80ல போற வண்டிய நிறுத்துறதுக்கும் பிரேக் மேல விழுற வேலை நாலு மடங்கு, அதோட பின்னால பிரேக்கே இல்லாத அரை டன் சேந்து தள்ளுது. அதனால நம்ம ரோட்டுக்கு, பிரேக் இல்லாத டிரெய்லர்னா மொத்தம் 500 கிலோதான் என் கணக்கு. வெறும் டிரெய்லரே 200, 250 கிலோ இருக்கும். மிச்சம் எவ்வளவு? 250, 300 கிலோ சரக்கு. இதுக்குத்தான் இம்புட்டு பாடும்.

அதுக்கு மேல வேணும்னா டிரெய்லருக்கே பிரேக் வேணும். முன்னால வண்டி நிக்கும்போது டிரெய்லர் வந்து தள்ளும்லா, அந்தத் தள்ளுதலே ஒரு ராட உள்ள அமுக்கி கேபிள இழுத்து டிரம் பிரேக்கப் பிடிக்கும், அப்படி ஒரு ஏற்பாடு உண்டு, வெளிநாட்டுல சின்ன டிரெய்லர்ல நெறைய அதுதான். நம்ம ஊர் பட்டறைல அத நம்பி செய்யச் சொல்ல எனக்கு மனசு வரல.

பேப்பர். டிரெய்லர்ங்கது சட்டப்படி தனி வண்டி, 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 61ஆம் பிரிவு இதுக்குன்னே இருக்கு. டிரெய்லருக்குத் தனி ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர், அது போக இழுக்குற வண்டியோட நம்பரும் டிரெய்லர் மேல தெரியணும். அப்ரூவல் இல்லாம பட்டறைல செஞ்சத ஆர்டிஓ ஆபீஸுக்குக் கொண்டு போனா திருப்பி அனுப்பிருவாவ, அதனால அப்ரூவல் பேப்பர் தாற கம்பெனிக்காரன்ட்டதான் வாங்கணும். இன்சூரன்ஸ்காரன்ட்ட கொக்கி மாட்டுனதையும் எழுதிக் குடுத்து டிரெய்லரையும் பாலிசில சேத்துருங்க, இல்லன்னா ஒண்ணு நடந்தா கிளைம்ல அவனுக்கு அது ஒரு காரணம். வெள்ள போர்டு வண்டில அடுத்தவன் சரக்க துட்டுக்கு ஏத்தவும் கூடாது.

மறைஞ்ச செலவு என்னன்னா, ஏத்தம் ஏறும்போதும் ரிவர்ஸ்லயும் கிளட்ச் தேயும். சும்மா வேப்ப மரத்துக்கு அடில கெடக்குற டிரெய்லர்ல டயர் வெயில்ல வெடிக்கும், பேரிங் கிரீஸ் காஞ்சுரும். டயர் சைடுல கடைசி நாலு நம்பர் பாருங்க, 2319ன்னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது, பட்டன் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஆறேழு வருசம் ஆயிருந்தா மாத்துங்க. டெயில் லைட்டு, பிரேக் லைட்டு, இண்டிகேட்டர் மூணும் டிரெய்லர்ல எரியணும், செவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டணும், ராத்திரி லைட்டு இல்லாத டிரெய்லர் பின்னால பைக்காரன் வந்து விழுறது நம்ம ரோட்டுல புதுசு இல்ல.

ரிவர்ஸ் எடுக்க பழகாதவங்க டவுன் ரத வீதிப் பக்கம் இத கொண்டு போயிராதிய. ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்துல கைய வைங்க, டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கைய அந்தப் பக்கம் நகத்துங்க, கொஞ்சங்கொஞ்சமா. மடங்குற மாதிரி தெரிஞ்சா முன்னால எடுத்து நேராக்கி திரும்ப ஆரம்பிக்கணும். எங்கயாவது காலி கெரவுண்டுல ஒரு ஞாயித்துக்கிழமை பழகிட்டு ரோட்டுக்கு வாங்க.

இவ்வளவு சொன்னாலும் டிரெய்லர்தான் சரின்னு நிக்குற ஆள் உண்டு. சரக்கு லேசு, ஆனா எடம் அடைக்கும், ஒரு எடத்துல கொண்டு போய் ரெண்டு நாள் விட்டுட்டு வண்டிய மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டு வரணும். சவுண்ட் சர்வீஸ் தம்பிக்கு இது பொருந்தும், கோயில் கொடைன்னா சாமான் மூணு நாள் அங்கனயே கெடக்கும்லா. சின்ன ஜெனரேட்டர், வெல்டிங் செட்டு கொண்டு போறவங்களுக்கும் பொருந்தும். ஆட்டுக்காரருக்குப் பாதிதான் பொருந்தும், தட்டு தாழ இருக்கதால ஆடு தானா ஏறும், ஆனா பிரேக் அடிச்சா அம்புட்டும் ஒரு பக்கம் போகும், நடுவுல தடுப்பு போட்டு ரெண்டு மூணு அறையா பிரிக்கலன்னா நாம பாத்து வச்ச எடைக் கணக்கெல்லாம் வீண். பாதி நெறைஞ்ச தண்ணி டேங்க் இதவிட மோசம், ஒண்ணு முழுசா நெறைங்க, இல்ல காலியா கொண்டு போங்க.

வழி 2: சீட்ட மடக்கி, மேல கேரியர் போட்டு

யாரும் இத நெனைக்க மாட்டாவ. பின் சீட்ட மடக்குனா பொலிரோலயே நல்லா எடம் கிடைக்கும், டிரெய்லர்ல ஏத்தலாம்னு கணக்கு போட்ட 250 கிலோவ வண்டிக்குள்ளயே பின் சீட்டு ஆளுங்க எடத்துல வச்சு கொண்டு போயிரலாம். மேல கேரியர்ல மட்டும் கனத்த வைக்காதிய, கூரை எவ்வளவு தாங்கும்னு மேனுவல்ல போட்டுருப்பான், அது ரொம்ப கொறைவாத்தான் இருக்கும், அதுக்கு மேல போனா வளைவுல சாயும். பாயி, தார்ப்பாய், பிளாஸ்டிக் சேர்னு லேசானத மட்டும் மேல. பேப்பர் பிரச்சனை இல்ல, புதுசா ஒண்ணும் பழக வேண்டாம். சீட்டு அழுக்காகும், வாழைக்கறை போகாது, அதான் செலவு.

வழி 3: குட்டி யானை வாடகைக்கு

டாடா ஏஸ் 2005ல வந்தது, முக்கால் டன் அளவுக்கு ஏத்தலாம். டிரெய்லர்ல பயந்து பயந்து கொண்டு போற சரக்கப் போல ரெண்டு மடங்குக்கு மேல, அதுவும் நாலு சக்கரத்துலயும் பிரேக்கோட.

கணக்கு எளுசு. டிரெய்லர், கொக்கி, வயரிங், பேப்பர் எல்லாம் சேத்து ஒரு லட்சம் ஆவுது, வாடகை நடைக்கு 2,000ன்னு சும்மா ஒரு பேச்சுக்கு வைங்க, அந்தத் துட்டுல 50 நடை வாடகைக்கே போயிரலாம். மாசம் ஒரு நடைக்காரருக்கு அது நாலு வருசம். உங்க ஊர் ரேட்டப் போட்டுப் பாத்துக்கிடுங்க.

மறைஞ்ச செலவு இதுலயும் இருக்கு. ஏத்துகூலி, இறக்குகூலி, வெயிட்டிங், வெறுமன திரும்பி வாறதுக்கும் சேத்து கேப்பாவ. முகூர்த்த நாள்லயும் பங்குனி உத்திரத்தன்னைக்கும் வண்டியே கிடைக்காது. நயினார்குளம் மார்க்கெட்டுக்கு விடிய முன்னால சரக்கு போய்ச் சேரணும்னா டிரைவர் எந்திரிச்சு வரணுமே. முன்கூட்டி சொல்லி, எத்தன மணி நேரம், டோல் யாரு குடுக்கணும், எல்லாத்தையும் பேசி முடிச்சுக்கிடுங்க. ஆனா ஒண்ணு, சரக்கு வண்டி பொறத்தால ஆள ஏத்தாதிய. குடும்பத்தோட சாஸ்தா கோயிலுக்குப் போறவங்க இததான் செய்யுதாவ, அண்டாவுக்கு நடுவுல சின்னப் பிள்ளையள உக்கார வச்சு. பாத்திரம் குட்டி யானைல, ஆள் வேன்லயோ சொந்த வண்டிலயோ. அந்தக் குடும்பத்துக்கு வருசத்துக்கு ஒரு நாள் வேலைக்கு டிரெய்லர் எதுக்கு?

வழி 4: பழைய பிக்கப் ஒண்ணு வாங்கிப் போடுறது

வாரத்துக்கு ரெண்டு நடை, ஒவ்வொண்ணும் அரை டன்னுக்கு மேலன்னு ஆயிட்டா, வாடகையும் வேண்டாம் டிரெய்லரும் வேண்டாம். களக்காட்டு வாழைக்காரருக்கு என் பதில் இதுதான். பழைய ஏஸோ, அசோக் லேலண்ட் தோஸ்தோ, பொலிரோ பிக்கப்போ.

லைசென்ஸ் பத்தி பயப்படுதாவ. எல்எம்வி (கார் ஓட்டுற) லைசென்ஸ் வச்சிருக்கவங்க 7,500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டிய ஓட்டலாம்னு சுப்ரீம் கோர்ட் 2017லயே சொல்லிச்சு, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி பெஞ்சும் அதையே சொல்லிட்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள உள்ள சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் வேண்டாம், அதனால வாங்குறதுக்கு முன்னால ஆர்சில ஜிவிடபிள்யூ (வண்டியும் சரக்கும் சேந்த மொத்த எடை) எவ்வளவுன்னு பாருங்க, பிக்கப்ல சில மாடல் தாண்டிப் போகும். ஆனா எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) உண்டு, எட்டு வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, அதுக்கு மேல வருசாவருசம். இன்சூரன்ஸ் காருக்குள்ளத விட கூட, டோல்லயும் கார் ரேட்டு கிடையாது. வீட்ல இன்னொரு வண்டிக்கு எடமும் வேணும்.

பழசு வாங்கும்போது தட்டுக்கு அடில குனிஞ்சு சேஸப் பாருங்க. உவரி, இடிந்தகரைப் பக்கம் மீன் லோடு ஓடுன வண்டின்னா உப்புத்தண்ணி உள்ள எறங்கி சேஸ அரிச்சிருக்கும், மேல புதுசா பெயிண்ட் அடிச்சு பளபளன்னு நிறுத்தியிருப்பான்.

பக்கத்து வீட்டு டிராக்டர கேக்கலாமேன்னா, வயல்ல இருந்து ஊருக்குள்ள வரைக்கும் கேளுங்க. அத நாலு வழிச் சாலைல ராத்திரி ஏத்துறது வேண்டாம்.

ஒரே பார்வைல

| | டிரெய்லர் | சீட்ட மடக்கி | குட்டி யானை வாடகை | பழைய பிக்கப் |
|---|---|---|---|---|
| சரக்கு எடை | பிரேக் இல்லன்னா 250–300 கிலோ | ஏறக்கொறைய அதே | 750 கிலோ பக்கம் | வண்டியப் பொறுத்து ஒரு டன்னுக்கு மேலயும் |
| எத்தன நடைக்கு | அடிக்கடி, கிட்டத்துல | எப்பவாவது | மாசம் ஒண்ணு ரெண்டு | வாரம் ரெண்டும் அதுக்கு மேலயும் |
| ஓட்டுறது | தனியா பழகணும் | பழகுனதுதான் | அவரு ஓட்டுவாரு | சுளுவு |
| பேப்பர் | தனி ரிஜிஸ்ட்ரேஷன், பாலிசி | ஒண்ணும் இல்ல | அவரு பாடு | எஃப்சி, சரக்கு வண்டி இன்சூரன்ஸ் |
| காத்துல, நாலு வழிச் சாலைல | பயம் | பரவால்ல | பரவால்ல | நல்லது |
| சாமான அங்கனயே விட்டுட்டு வரலாமா | ஆமா | இல்ல | இல்ல | வேற வண்டி இருந்தா |

இன்னும் மனசு ஊசலாடுனா, ஒரு மூணு மாசம் வாடகைக்கே போங்க. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நோட்டுல தேதி, எடை மேடைச் சீட்டுல உள்ள எடை, போன தூரம், குடுத்த துட்டு, சாமான் அங்கனயே கெடந்துச்சா உடனே திரும்புச்சா, இத மட்டும் எழுதுங்க. எடை 300ஐ தாண்டல, சாமான் ரெண்டு மூணு நாள் அங்கனயே கெடக்குதுன்னா அப்ப டிரெய்லர் கம்பெனிக்காரன்ட்ட பேசுங்க. 600, 700ன்னு எடை வந்துட்டே இருந்தா பிக்கப் பாக்கப் போங்க. மாசத்துக்கு ரெண்டு வரி கூட எழுதலையா, குட்டி யானைக்காரர் நம்பர மட்டும் போன்ல சேவ் பண்ணி வச்சுக்கிடுங்க.